அப்பாவுக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை, நடையும் சாய்கிறது. தறிச் சத்தத்தால் இப்படி ஆகுமா?

சோமனூர் பாவு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்காகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க.

அப்பாவுக்கு 58 வயது. மீசை முளைக்கும் முன்னாலேயே விசைத்தறி ஓடுகிற குடோனுக்குள் போனவர். ரொம்ப வருஷம் கூலிக்கு ஓட்டினார், அப்புறம் சொந்தமாகச் சாதாத் தறி போட்டு அடுத்தவர் நூலைக் கூலிக்கு நெய்து கொடுக்கிற ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிறோம். எங்கள் பக்கத்தில் காது மந்தம் என்பதை யாரும் வியாதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. தறிக்காரர் வீட்டில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவோம், டிவியும் சத்தமாகத்தான் ஓடும். அதனால் அப்பாவுக்குக் காது குறைந்ததும் அந்தக் கணக்கிலேயே போய்விட்டது.

ஆனால் போன வருஷத்திலிருந்து போனை இடது காதுக்கு மாற்றிவிட்டார். வலது காதில் வைத்தால் "சத்தம் வருது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலை" என்கிறார். அதே காதில் ராத்திரி பகல் எந்நேரமும் கொய்ங் என்று ஒரு இரைச்சல். தறி நின்ற பிறகும் நிற்பதில்லை, லீவு நாளிலும் இருக்கிறது. இடது காதில் அப்படி எதுவும் இல்லையாம்.

அப்புறம் நடை. கிறுகிறுவென்று வந்து விழுகிற மாதிரி இல்லை, வீடு சுற்றுகிற மாதிரியும் இல்லை. விடியக்காலம் பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போவார். கரண்ட் இல்லாத நேரமாக இருந்தால் வலது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போகிறார், நடுவில் வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உழுத காட்டுக்குள் நடந்தாலும் அதே கதைதான். பகலில் ரோட்டில் நடக்கும்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பக்கத்து ஊர் டாக்டர் பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்று தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாசாமாசம் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். பெரியம்மா பித்தம் என்கிறார். காது மிஷின் விற்கிற கடையில் ரெண்டு காதுக்கும் போடுங்க என்று விலை சொன்னார்கள், கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. திருப்பூரில் இருக்கிற அக்கா வீட்டு மாமா மட்டும் "காது நரம்புல ஏதாச்சும் இருந்தாலும் இப்படி வரும் மாப்பிள்ளை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

தறிச் சத்தத்தால் ஒரு காது மட்டும் போகுமா? காது நரம்புக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்? நேராக ஸ்கேனுக்குப் போகலாமா, அதற்கு முன்னால் வேறு சோதனை ஏதாவது இருக்கிறதா? அப்பாவைக் கிளப்புவதே பெரிய பாடு. "எனக்கு ஒன்னுமில்லை கண்ணு, தறி நின்னா யாரு காசு குடுப்பா" என்று ஒரே பேச்சாக முடித்துவிடுகிறார்.

ஒலிமானி:

தம்பி, நான் ஈரோட்டுப் பக்கம் ஆடியோலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். காதைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை, வியாதி இன்னது என்று முடிவு செய்வது காது மூக்கு தொண்டை பார்க்கிற இஎன்டி டாக்டர் வேலை. அதனால் அப்பாவுக்கு இதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதைப்பாகத்தான் இருந்தது. ஒரு காதில் மட்டும் குறைவு, சத்தம் கேட்டும் பேச்சு பிடிபடாதது, இருட்டில் ஒரே பக்கமாகச் சாய்வது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் தறிச் சத்தம் என்று சொல்லிக் கடந்து போகவே கூடாது.

தறிச் சத்தம் காதைக் கெடுக்கும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நாடா அடிக்கிற தறிகள் வரிசையாக ஓடும் குடோனில் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று இருக்கிற ஆய்வு நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு என்று வைத்திருக்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் நிற்கலாம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். நம் ஆட்கள் 12 மணி நேர ஷிப்டு பார்க்கிறார்கள், அதுவும் காதில் பஞ்சு கூட வைக்காமல்.

ஆனால் அந்தச் சேதத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. சத்தம் கெடுப்பது உள்காதில் நத்தை ஓடு மாதிரி இருக்கிற காக்ளியாவுக்குள் உள்ள நுண்மயிர்ச் செல்களை. குடோனில் சத்தம் நாலா பக்கமும் சுவரில் மோதித் திரும்பி வருவதால் ரெண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அடிவாங்கும். காதுச் சோதனை வரைபடம் எடுத்தால் கீச்சென்று கேட்கிற 4000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ரெண்டு காதிலும். தறிக்காரர்களுடைய வரைபடத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பேர் எழுதாமல் கொடுத்தாலும் தறிக் காது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு ஒரே மாதிரி இருக்கும். ஒரு காது மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அந்த மிச்சத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்த வேறு எங்கோ என்பதில் முதலில் தேட வேண்டிய இடம் நரம்பு.

நடைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். மூளையிலிருந்து நேராகப் புறப்படுகிற நரம்புகள் 12 ஜோடி. அதில் எட்டாவது ஜோடிதான் காது நரம்பு. ஒரே பைப்புக்குள் ரெண்டு லைன் ஒயர் இழுத்த மாதிரி, கேட்பதைக் கொண்டுபோகிற பிரிவும் உடம்பு நேராக நிற்கிறதா சாய்கிறதா என்கிற சேதியைக் கொண்டுபோகிற பிரிவும் அதில் சேர்ந்தே போகின்றன. மண்டை எலும்புக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் குறுகலான ஒரு பாதை இருக்கிறது, அது வழியாகத்தான் இந்த நரம்பு மூளைத்தண்டுக்குப் போகிறது. முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பும் அதே சந்துக்குள்தான். அங்கே ஏதாவது ஒன்று வளர்ந்து அமுக்கினால் காது, நடை ரெண்டும் பாதிக்கப்படலாம், ரொம்பப் பெரிதானால் முகம் மரத்துப்போவது வரை போகும்.

அப்படி வளர்வதில் முக்கியமானது அக்கூஸ்டிக் நியூரோமா என்று எல்லாரும் சொல்கிற கட்டி. வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்பது சரியான பேர், ஏனென்றால் அது பெரும்பாலும் நடையைப் பார்க்கிற பிரிவின் உறையில் இருந்துதான் கிளம்புகிறது. இது புற்றுநோய் இல்லை, தம்பி. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுகிற சுபாவம் இல்லாத கட்டி. லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. மெதுவாக, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் என்று வளரும், நிறையப் பேருக்கு வளராமல் அப்படியே நின்றும்விடும். மெதுவாக வளர்வதால்தான் பலருக்குத் தலை சுற்றுவதே இல்லை. ஒரு பக்கத்துச் சேதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது மூளை அதற்கேற்ற மாதிரி பழகிக்கொள்கிறது.

இருட்டில் மட்டும் ஏன் சாய்கிறார் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாம் நேராக நிற்பதற்கு உள்காது, கண், பாதம் மூன்றும் சேதி சொல்ல வேண்டும். உள்காதில் ஒரு பக்கம் குறைந்தவர் பகலில் கண்ணை வைத்துச் சமாளித்துவிடுவார். கரண்ட் போனால் கண் போயிற்று. உழுத காட்டில் மண் பொதபொதவென்று இருப்பதால் பாதம் சொல்கிற சேதியும் நம்பும்படி இருக்காது. அப்பா கட்டுத்தரைக்குப் போகும்போது வேலிக்காலைப் பிடிக்கிறார் என்று எழுதினீர்களே, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்க. "தலைசுத்தல்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அந்த மாத்திரைதான் மறுபடியும் வரும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் இஎன்டி டாக்டர். அவர் காதுக்குள் பார்த்து அழுக்கு, சவ்வு எல்லாம் சரியா என்று பார்ப்பார், இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பார். அப்புறம் சத்தம் புகாத அறையில் ப்யூர் டோன் சோதனை, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்ப்பது, ரெண்டு காதுக்கும் தனித்தனியாக. அதோடு பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையையும் கேட்டு எடுங்க, பல இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். காது கேட்கிற அளவுக்கும் பேச்சு புரிகிற அளவுக்கும் பொருந்தாமல் இருந்தால் அது நரம்பைக் காட்டிக்கொடுக்கிற பெரிய அறிகுறி. ரெண்டு காதுக்கும் நடுவில் வித்தியாசம் அதிகம் என்றால் டாக்டரே எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதுவார், படம் தெளிவாகத் தெரிவதற்குக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுப்பது. பேரா சோதனை என்று ஒன்று உண்டு, தலையில் ஒயர் ஒட்டி நரம்பு வழியாகச் சேதி போகிற வேகத்தை அளப்பது, அதுவும் உதவும். ஆனால் சின்னக் கட்டியை அது தவறவிடும், அதனால் எம்ஆர்ஐக்கு அது ஈடில்லை.

இதெல்லாம் முடிகிற வரைக்கும் காது மிஷின் வாங்க வேண்டாம். காரணம் தெரியாமல் மிஷின் மாட்டுவது தப்பு. நரம்பில் கோளாறு இருந்தால் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் பேச்சு தெளியாது.

பல்லடம் ஆட்டோலூம்:

எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறதுங்க. நானும் தறிதான், எனக்கும் காது மந்தம்தான், எங்க ஏரியாவில் என் வயசுக்காரர் யாரைக் கேட்டாலும் மந்தம்தான். நூல் விலைக்கும் கூலிக்கும் நடுவில் ஒவ்வொருத்தரும் மாட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில், காது கேட்கவில்லை என்று வந்த ஆளிடம் கட்டி என்று சொன்னால் அந்தக் குடும்பம் ராத்திரி தூங்குமா? லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது என்று நீங்களே சொல்கிறீர்கள். எம்ஆர்ஐ என்றால் சும்மாவா, ஒரு வாரத்துக் கூலி அதிலேயே போய்விடும். முதலில் குடோனில் காதுக்கு அடைப்பான் போடச் சொல்லுங்க, அதை யாரும் சொல்வதில்லை.

ஒலிமானி:

அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடைப்பான் விஷயத்தில் நான் முழுசாக உங்கள் பக்கம். நுரையில் செய்த அடைப்பான் விலை ரொம்பக் குறைவு, விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். சும்மா வாசலில் செருகி வைத்தால் பிரயோஜனம் இல்லை. போட்டால் தறி கோளாறாக ஓடுகிற சத்தம் தெரியாது என்று நிறையப் பேர் சொல்வார்கள், கொஞ்ச நாள் போட்டுப் பழகியவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாத் தறிக்காரருக்கும் எம்ஆர்ஐ எடுக்க நான் சொல்லவில்லை. ரெண்டு காதும் சமமாகக் குறைந்திருந்தால் பொதுவாக ஸ்கேன் வேண்டியதில்லை. முதல் சோதனை அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம், அதில் ஒரு காது மட்டும் தனியாக நிற்கிறது என்று தெரிந்தால் மட்டும்தான் அடுத்தது. எம்ஆர்ஐயும் கோவை அரசு மருத்துவமனையில் எடுத்தால் வெளியே ஆகிற செலவு ஆகாது. ஊரில் எல்லாருக்கும் காது மந்தம் என்பதாலேயே நரம்புக் கோளாறு இருக்கிறவரும் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகிறார், என் கவலை அதுதான். வேறு ஊரில் ஒரு வாத்தியாருக்கு ஒரு காது கேட்காமல் போனால் உடனே டாக்டரிடம் ஓடுவார். நம் ஊரில் தறிக்காரருக்கு அப்படி ஆனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கோபி வரப்பு:

சோமனூர் தம்பிக்கு, எங்கம்மாவுக்கு இதே ஷ்வானோமாதான். இடது காது. அம்மா தறிப் பக்கமே போனதில்லை, எங்களுக்கு நெல்லும் மஞ்சளும்தான் விவசாயம். அவருக்கும் போனில்தான் முதலில் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு காது போனால் திசை தெரியாது என்று அப்புறம்தான் புரிந்தது.

ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கேட்டதும் வீட்டில் எல்லாரும் அழுதுவிட்டோம். ஆனால் டாக்டர் நிதானமாக உட்கார வைத்து மூன்று வழி இருக்கிறது என்றார். ஒன்று, எதுவும் செய்யாமல் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பது. ரெண்டாவது, கத்தி வைக்காமல் கதிரியக்கத்தைக் குறிவைத்து அடிப்பது, அதில் கட்டி மறையாது, மேற்கொண்டு வளராமல் நிற்பதுதான் நோக்கம். காமா நைப் என்கிற அந்த வசதி பெங்களூரில் மூளை, நரம்பு வைத்தியத்துக்குப் பேர்போன நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மூன்றாவது ஆபரேஷன், கட்டி பெரிதாகி மூளைத்தண்டை அமுக்கினால் அதுதான் வழி. முகத்து நரம்பு ஒட்டியே இருப்பதால் அதைக் காப்பாற்றிக்கொண்டு எடுப்பது நுணுக்கமான வேலையாம். வயசு, கட்டியின் அளவு, மிச்சம் இருக்கிற காது, இதையெல்லாம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அம்மாவுக்கு முதல் வழிதான். இது வரைக்கும் கட்டி அப்படியே இருக்கிறது. காது மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை, கட்டி வளராமல் இருந்தாலும் காது இறங்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். நடைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் குமட்டிக்கொண்டு வந்தது, விடாமல் செய்தார். இப்போது வரப்பு மேல் தண்ணீர் பார்க்கப் போகிறார், சாயங்காலம் இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் கண்டிஷன்.

காதுக்காகவே இருக்கிற பெரிய இடத்தில் ரெண்டாவது அபிப்பிராயம் வேண்டும் என்றால் மைசூரில் மத்திய அரசின் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. அம்மாவை அங்கேயும் கூட்டிப் போனோம். சத்தியமங்கலம் வழியாகத்தான் பக்கம், ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. நடைக் கோளாறு இருக்கிறவரை அந்த வழியில் கூட்டிப் போனால் முன்சீட்டில் உட்கார வைத்து, தூரமாக ரோட்டையே பார்க்கச் சொல்லுங்க, வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம்.

திருச்செங்கோடு ரிக்:

கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனால் இந்தத் திரியைப் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன். என் சித்தப்பா பையன் போர்வெல் வண்டியில் டிரில்லர். வடக்கே போர் போடுகிற ஒரு பாயிண்டில் இருந்தபோது காலையில் எழுந்தால் ஒரு காது சுத்தமாக அடைத்துக்கொண்டது, ஜலதோஷம் கிடையாது, வலி கிடையாது. கூட இருந்தவர்கள் அழுக்கு சேர்ந்திருக்கும், எண்ணெயைக் காய்ச்சி விடு என்றார்கள். போனில் என்னிடம் சொன்னான், நான் எங்கள் ஊர் மெடிக்கல் அண்ணனிடம் கேட்டேன். அவர் "எண்ணெய் கிண்ணெய் விட வேண்டாம், இன்னைக்கே காது டாக்டரைப் பார்க்கச் சொல்" என்று கறாராகச் சொன்னார். அன்றைக்கே அங்கே ஒரு டவுனுக்குப் போய்க் காட்டினான். திடீர்ச் செவிட்டுத்தன்மை என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் போன் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது.

மூன்று நாளைக்குள் ஒரு காது திடீரென்று இறங்கினால் அது அவசரம். ஸ்டீராய்டை முதல் ரெண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம், தள்ளிப்போகப் போக வாய்ப்பு குறைந்துகொண்டே வரும் என்று அந்த டாக்டர் சொன்னார். சில பேருக்கு நரம்புக் கட்டியே இப்படித் திடீரென்று காட்டும் என்பதால் இவனுக்கும் பின்னால் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

பொள்ளாச்சி இளநீர்:

நான் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு வந்தது வெஸ்டிபுலர் நியூரைடிஸ், நடை நரம்பில் வீக்கம். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, வீடே சுழன்றது, வாந்தி நிற்கவில்லை, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். காது நன்றாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது பக்கவாதமா என்றுதான். கண் அசைவதை வைத்தே நரம்பா மூளையா என்று பிரித்துப் பார்க்கிற சோதனை செய்தார்கள். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, ஒன்று ரெண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, தாங்கிப் பிடித்தும் நிற்க முடியாமல் போனாலோ காது டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

தலைசுற்றலை அமுக்குகிற மாத்திரையைச் சில நாள் மட்டும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். அந்த மாத்திரை மூளையை மந்தமாக்கும், மந்தமாக இருந்தால் மூளை புது நிலைக்குப் பழகாது, சரியாவது தள்ளிப்போகும் என்றார்கள். எழுந்து நடக்க நடக்கத்தான் சரியாகும் என்று விரட்டினார்கள், சில வாரத்தில் தேறிவிட்டேன். தம்பி, உங்கப்பா மாசாமாசம் என்ன மாத்திரை போடுகிறார் என்று பாருங்க. சின்னாரிசின் என்று இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்க, வயசானவர்கள் அதை ரொம்ப நாள் போட்டால் கை நடுக்கம், உடம்பு இறுக்கம் எல்லாம் வர வாய்ப்பு இருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்க.

என் நாத்தனாருக்கு வந்தது வேறு. படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ சில விநாடி மட்டும் சுற்றும். உள்காதில் இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறினால் அப்படி வருமாம். டாக்டர் அவர் தலையை நாலு நிலையில் திருப்பிப் படுக்க வைத்தார், எப்லி முறை என்று பேர், மாத்திரையே இல்லாமல் சரியாயிற்று. எல்லாத்துக்கும் தலைசுற்றல் என்றே பேர் வைத்து ஒரே மாத்திரையைக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொடுமுடி காவிரி:

எங்க அப்பாருக்கு அந்தக் காலத்தில் காசநோய், பெருந்துறை சானடோரியத்தில் இருந்தவர். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நிறையப் போட்டார்கள், உயிரைக் காப்பாற்றியது அந்த ஊசிதான். ஆனால் அதற்கப்புறம் காலை அகட்டி அகட்டித்தான் நடப்பார், ராத்திரியில் கையில் தடி இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அந்த ஊசி உள்காதில் நடையைப் பார்க்கிற செல்களைக் கெடுக்கும் என்பது எனக்கு நர்சிங் படித்தபோதுதான் தெரிந்தது. ஜென்டாமைசின், அமிகாசின், புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் இதெல்லாமும் காதைப் பாதிக்கும். இவை பொதுவாக ரெண்டு பக்கத்தையும் பாதிக்கும் என்பதால் உங்கப்பா விஷயம் இது போலத் தெரியவில்லை. ஆனாலும் பழைய ஊசி மருந்து விவரம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க.

சோமனூர் பாவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தாமதமாக வந்து எழுதுகிறேன், மன்னிக்கணும். ஆடி நோம்பிக்கு எப்படியும் தறி நிற்கும் என்பதால் அப்பாவை அப்போது கிளப்பினேன். கோபி அக்கா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அம்மா சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினார்.

சோதனை முடிந்துவிட்டது. இடது காதில் ஒலிமானி அக்கா சொன்ன அதே 4000 பள்ளம், மற்றபடி பரவாயில்லை. வலது காது எல்லா அளவிலும் இறங்கியிருக்கிறது. பேச்சு புரிகிற சோதனையில் இடது 92 சதவீதம், வலது 36. டாக்டர் அதைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்காமல் கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எழுதிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னார், அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் திரும்பிப் போய்விட்டார், அவருக்கே அது தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு "நான் நேராத்தானே நடந்தேன்" என்றார். மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லிவிட்டார், அது சின்னாரிசின்தான்.

வரும் வியாழக்கிழமை கோவையில் ஸ்கேன். அதற்கு என்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்? அப்பாவுக்கு அந்தக் குழாய்க்குள் போவது என்றால் பயமாக இருக்கிறது.

ஒலிமானி:

சரியான வேலை செய்தீர்கள் தம்பி. 92க்கும் 36க்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது ஸ்கேன் கட்டாயம் வேண்டும். கட்டி இருந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை, ஒன்றும் இல்லாமலும் வரலாம். ஒன்றும் இல்லை என்று வந்தாலும் டாக்டரிடம் திரும்பிப் போங்க, அந்தக் காது ஏன் இறங்கியது என்று அவர் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதற்கு முன்னால் கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், முந்தின நாளே எடுத்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்க, மோதிரம், கடுக்கன், தாயத்து எல்லாமும். இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் ஏதாவது பிளேட், ஸ்குரூ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தறி ரிப்பேர் பார்க்கும்போது கண்ணில் இரும்புத் துகள் எப்போதாவது தெறித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்க, எம்ஆர்ஐ மிஷினில் இருக்கிற பலமான காந்தத்துக்கு முன்னால் அது ஆபத்து.

ஸ்கேன் மிஷின் உள்ளே டமடமவென்று பலமாகச் சத்தம் போடும், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்க. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயமாக இருந்தால் அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்க. கண்ணை உள்ளே போவதற்கு முன்னாலேயே மூடிக்கொண்டால் பாதிப் பயம் வராது. ஆடாமல் படுத்திருப்பது முக்கியம், நாம் பார்க்க வேண்டிய நரம்பு நூல் கனம்தான், ஆடினால் படம் கலங்கிவிடும்.

முடிந்ததும் பிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. நாளைக்கு வேறு டாக்டரிடம் காட்ட வேண்டி வந்தால் அவருக்கு அதுதான் வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்க, அதில் புரியாத வார்த்தை இருந்தால் என்னவென்று சொல்கிறேன்.